கோத்தகிரியில் மனித உருவம் வரைதல்: கரி, காவி, மை, காகிதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரி மலையில் உள்ள கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் கணக்கு எழுதுவது என் வேலை. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மனித உருவங்களை வரைகிறேன். வரைந்தவற்றை, எந்தத் தாளில் எந்தப் பொருளால் வரைந்தேன் என்ற குறிப்போடு சில ஆண்டுகளாக இணையத்தில் பகிர்ந்து வருகிறேன். பார்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

உங்கள் படங்களில் பெரும்பாலும் ஒரே மூதாட்டி, ஒரே சன்னலோரத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறார். ஏன் அவரையே வரைகிறீர்கள்?

அவர் என் பெரியம்மா. அவரை வரைவது பாசத்தினால் மட்டுமல்ல. பொருள்களைச் சோதிக்க வேண்டுமானால் மற்ற எதுவும் மாறாமல் இருக்க வேண்டும் என்பதனாலும்தான். தொடக்கத்தில் இன்று ஒருவரைப் பென்சிலிலும் நாளை வேறொருவரைக் கரியிலும் வரைந்துவிட்டு, கரிதான் எனக்கு ஏற்றது என்று முடிவு கட்டினேன். பிறகு பார்த்தால், கரியில் வரைந்த அன்று வெளிச்சம் நன்றாக இருந்தது, உட்கார்ந்தவரும் அசையாமல் இருந்தார்; பொருளுக்கு அதில் பங்கு எவ்வளவு என்று சொல்ல முடியவில்லை. அதனால் ஆள், இருக்கை, சன்னல், நேரம் ஆகிய நான்கையும் நிலைப்படுத்திவிட்டுப் பொருளை மட்டும் மாற்றத் தொடங்கினேன். பெரியம்மா மாலை நாலரை மணிக்கு உட்கார்ந்தால் ஒரு தட்டுப் பூண்டு முடியும்வரை எழுந்திருக்க மாட்டார். அது ஏறக்குறைய இருபது நிமிடம். காசு கொடுத்தாலும் இவ்வளவு நேர்த்தியாக அமரும் ஆள் கிடைப்பது அரிது.

பொருள் மாறினால் உருவம் உண்மையிலேயே மாறுகிறதா, அல்லது தோற்றம் மட்டும்தான் மாறுகிறதா?

பார்க்கும் கண்ணே மாறுகிறது என்பது என் அனுபவம். பென்சிலைக் கூராகச் சீவி எடுத்துக்கொண்டால், நான் அறியாமலே பெரியம்மாவின் ஓரங்களைத் தேடுகிறேன்: மூக்குத்தி, காது மடல், சேலைத் தலைப்பின் விளிம்பு. இருபது நிமிடம் முடியும்போது முகம் முழுமையாகவும் உடம்பு அந்தரத்தில் தொங்குவதாகவும் இருக்கும். கரித்துண்டைப் படுக்கவைத்து அதன் பக்கத்தால் இழுக்கும்போது ஓரம் என்ற ஒன்றே கிடைப்பதில்லை. குனிந்த முதுகு ஒரே இருட்டாகவும், சன்னல் பக்கத்துத் தோள் வெறும் தாளாகவும் விழுகின்றன. உட்கார்ந்திருக்கும் உடம்புக்கு எடை உண்டு என்பதை எனக்குக் காட்டியது கரிதான்.

பேனாவில் அழிப்பதற்கு வழியில்லை. ஆகவே கோடு போடுவதற்கு முன்னால் நெடுநேரம் பார்க்க நேர்கிறது. இருபது நிமிடத்தில் பதினைந்து நிமிடம் பார்ப்பதிலேயே போய்விடும். ஓவியர் கே. எம். ஆதிமூலம் 1969இல், காந்தி நூற்றாண்டையொட்டி, கறுப்பு மையில் வரைந்த காந்தி கோட்டோவியங்களின் அச்சுப் படிகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். அங்கே ஒரு கோடு தோளின் வளைவாகவும், துணியின் மடிப்பாகவும், நடையின் வேகமாகவும் ஒரே நேரத்தில் நிற்கிறது. பென்சிலால் அப்படி ஒரு கோடு போட முயன்றால் கை தானாகவே அதைத் திருத்தப் போய்விடும்.

புதிதாகத் தொடங்குபவர் எதை வாங்க வேண்டும்?

ஒரு 2பி, ஒரு 6பி பென்சில், ஒரு பெட்டி சார்க்கோல், அதாவது கரிக்குச்சி, ஒரு கட்டு மலிவான தாள். இவற்றைத் தீர்த்துவிட்டு அடுத்ததை வாங்குங்கள். பென்சிலின் எண்ணைப் பற்றி ஒரு சொல்: 1795இல் பிரான்சில் நிக்கோலா ழாக் கோந்தே, கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு பிசைந்து சுட்டு, களிமண்ணின் அளவைக் கூட்டிக் குறைத்துக் கடினத்தை மாற்றும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய ‘பி’, ‘எச்’ எல்லாம் அந்த விகிதத்தின் பெயர்கள்தான். களிமண் மிகுந்தால் கோடு வெளிறும். கிராஃபைட் மிகுந்தால் கறுக்கும், கூடவே பளபளக்கும். அந்தப் பளபளப்பு படமெடுக்கும்போது பெரிய தொல்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கரிக்குச்சியை வீட்டிலேயே செய்வதாக எழுதியிருந்தீர்கள். எப்படி?

மரம் எரியாமல் வேக வேண்டும், செய்முறை அவ்வளவுதான். காற்றுப் படாமல் சூடேறும்போது குச்சியிலிருந்து நீரும் மற்ற ஆவிகளும் வெளியேறி, கரி மட்டும் மிஞ்சுகிறது. பென்சில் பருமனுள்ள நேரான குச்சிகளைப் பட்டை உரித்து, குறைந்தது இரண்டு மாதம் காயவைத்து, பழைய பால்பவுடர் டப்பாவில் இடைவெளி இல்லாமல் செங்குத்தாக அடுக்குங்கள். இடைவெளி இருந்தால் குச்சி வளைந்துவிடும். மூடியில் ஆணியால் ஒரே ஒரு துளை போட்டு, டப்பாவை விறகுத் தணலில் புதைத்துவையுங்கள். முதலில் துளை வழியே வெண்புகை வரும். பிறகு அந்தப் புகையே தீப்பற்றிச் சிறு சுடராக எரியும். அதுவும் அடங்கினால் வேலை முடிந்தது. எனக்கு ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகிறது. டப்பாவை வெளியே எடுத்தவுடன் துளையைக் களிமண்ணால் அடைத்துவிட வேண்டும். ஆறுவதற்கு முன் ஆவலில் திறந்தால், உள்ளே காற்றுப் புகுந்து கரி கனன்று சாம்பலாகிவிடும். முதல் இரண்டு முறையும் எனக்குச் சாம்பல்தான் கிடைத்தது.

இதைத் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். மலையில் குளிருக்காக மூடிய அறைக்குள் கரியடுப்பு வைத்துத் தூக்கத்திலேயே உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த நச்சு வாயுவுக்கு மணம் கிடையாது. மழை என்பதற்காக டப்பாவைச் சமையலறைக்குள் கொண்டுவர வேண்டாம்.

எந்த மரத்தின் கரி நல்லது?

கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் வில்லோ மரக் குச்சி. அது மென்மையாகவும் நல்ல கறுப்பாகவும் இருக்கும். எனக்கு முதலில் கையில் கிடைத்தது தேயிலைதான். நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைக் கவாத்து வெட்டும்போது குச்சிகள் மலைபோல் குவிந்துவிடும். தேயிலை இறுகிய மரம் என்பதால் அதன் கரியும் இறுகியது. தாளைக் கீறும், எளிதில் கறுக்காது. பெரியம்மாவின் முகத்தை அதில் வரைந்தபோது கன்னத்தில் கம்பிக் கீறல் போல விழுந்தது. ஆனால் அவருடைய விரல் கணுக்களுக்கு அது பொருந்தியது. ஆகவே தேயிலைக் கரியை நான் தூக்கி எறியவில்லை. கைகளை வரைவதற்கென்று ஒரு டப்பாவில் தனியாக வைத்திருக்கிறேன்.

சீகை மரக் கிளை, அதாவது வாட்டில், இடைத்தரம். கற்பூர மரத்தில், அதாவது யூகலிப்டஸில், எனக்குக் கிடைத்தவை எல்லாம் நீளவாக்கில் வெடித்துப் போயின. கொல்லையில் நிற்கும் பேரி மரத்தின் சிறு கிளைகள் வழவழப்பான, சீரான கரியைத் தந்தன. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது, கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து உறவினர் ஒருவர் ஒரு சாக்குப் பையில் கொண்டுவந்து கொடுத்த திராட்சைக் கொடி. அதன் கரி கறுப்பைவிடச் சாம்பல் நிறத்தை நெருங்கியது. துணியால் ஒரு தட்டுத் தட்டினால் பாதி உதிர்ந்துவிடும். உருவத்தின் முதல் அமைப்பைப் போட்டுப் பார்த்து, தப்பென்றால் தட்டிவிட்டு மறுபடி போடுவதற்கு அதைப்போல வேறொன்று இல்லை. ஐரோப்பிய ஓவியர்கள் கொடிக்கரியைப் பல நூற்றாண்டுகளாக இதே வேலைக்குத்தான் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள்.

சிவப்புக் கோட்டில் வரைந்த படங்கள் எதனால் ஆனவை?

நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய காவிக்கல். இரும்பின் ஆக்சைடு கலந்த மண்தான் அது. வெளிநாட்டு ஓவியர்கள் வரையப் பயன்படுத்தும் சிவப்புச் சாக்குக்கட்டியின் நிறமும் இதே இரும்பினால் வருவதுதான். இரும்பு நிறமிகள் வெயிலில் வெளுப்பதில்லை என்பதால், நிலைத்து நிற்குமா என்ற கவலை இதில் இல்லை.

கல்லை இடித்து, தண்ணீரில் கலக்கி, ஒரு நிமிடம் விட்டு மேலே நிற்கும் கலங்கலை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்ற வேண்டும்; மணலும் கரடும் அடியில் தங்கிவிடும். இப்படி மூன்று முறை செய்து, கடைசிக் கலங்கலைத் தெளியவிட்டு, அடியில் படிந்த விழுதை எடுத்துக்கொள்கிறேன். அதில் மூன்றில் ஒரு பங்கு நாமக்கட்டித் தூள் சேர்த்து, நீர்த்த கருவேலம்பிசின் கரைசலால் சப்பாத்தி மாவைப்போலப் பிசைந்து, விரல் நீளத்துக்கு உருட்டி, அடுப்படியின் மேல்தட்டில் உலர்த்துகிறேன். பிசின் கூடினால் குச்சி கல்லாகித் தாளில் பதியாது. குறைந்தால் கையிலேயே உதிரும். எந்த அளவு சரி என்பது பிசினுக்குப் பிசின் மாறுவதால், ஒவ்வொரு முறையும் மூன்று விகிதத்தில் சிறு குச்சிகள் செய்து பார்த்துவிட்டுத்தான் மிச்ச விழுதை உருட்டுகிறேன்.

காவிக்கும் நம் ஊர் மனிதர்களின் தோலுக்கும் உள்ள உறவைப் பற்றி நிறையச் சொல்லலாம். பழுப்புத் தாளில் காவிக் கோடும் நாமக்கட்டி வெளிச்சமும் வைத்தால், தாளின் நிறமே தோலின் நடுத்தொனியாகிவிடுகிறது. பாதி வேலை குறைகிறது. வெள்ளைத் தாளில் இந்த வசதி கிடையாது. அங்கே கறுத்த தோலை வரைய நிழலுக்கு மேல் நிழலாக ஏற்ற வேண்டியிருக்கிறது. கடைசியில் தோலின் நிறம் எது, நிழல் எது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகிறது. வெள்ளைத் தாளைத்தான் இயல்பான தொடக்கம் என்று நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். நம் முகங்களுக்கு அது இயல்பானதல்ல என்பது என் கருத்து.

தேயிலையில் மை செய்ய முடியுமா?

முடியும். தேயிலைச் சாற்றை மட்டும் பூசினால் அழகான பழுப்பு வரும், ஆனால் அது சாயக்கறை, வெளிச்சத்தில் மங்கிவிடும். மையாக வேண்டுமானால் இரும்பு வேண்டும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துக் கறுப்பு மை காய்ச்சுவது நம் நாட்டில் பழைய முறை; அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். கடுக்காயிலுள்ள துவர்ப்புப் பொருளோடு இரும்பு சேர்ந்து கறுக்கிறது. தேயிலையிலும் துவர்ப்பு இருக்கிறதே என்று தோன்றியபோது, எங்கள் ஊரில் தேயிலைத் தூளுக்கா பஞ்சம்?

ஐம்பது கிராம் தூளை அரை லிட்டர் தண்ணீரில் போட்டு, நூறு மில்லியாகச் சுண்டும்வரை காய்ச்சி வடிகட்டினேன். ஆறியபின் அரைத் தேக்கரண்டி அன்னபேதியை வெந்நீரில் கரைத்து ஊற்றியதும் பழுப்பு நிறம் கண்முன்னே கருநீலச் சாம்பலாகத் திரும்பியது. கருவேலம்பிசின் சிறிது, பூஞ்சணம் பிடிக்காதிருக்க இரண்டு கிராம்பு. எழுதும்போது இந்த மை வெளிறித்தான் இருக்கும். காற்றுப் பட்டுச் சில மணி நேரத்தில் கறுக்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. வரையும்போது போதவில்லை என்று நினைத்து நிழலை மேலும் மேலும் ஏற்றிவிட்டு, மறுநாள் காலையில் பார்த்தால் பெரியம்மா அடுப்புக்கரி பூசியவர் போல உட்கார்ந்திருந்தார். நாளைக்கு எவ்வளவு கறுக்கும் என்று இன்றைக்கே கணித்து வரையப் பழக எனக்கு ஓராண்டு பிடித்தது.

இந்த மை அமிலத்தன்மை உடையது. இரும்பு மை கொண்டு எழுதிய பழைய ஆவணங்களில் எழுத்து இருந்த இடம் அரிக்கப்பட்டு ஓட்டையாகியிருப்பதைக் காணலாம். ஆகவே அன்னபேதியை அளவோடு போடுங்கள். பருத்திக்கூழ்த் தாளில் வரையுங்கள். விற்கும் படமென்றால் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். எஃகு நிப்பையும் அது தின்றுவிடும் என்பதால் நான் மூங்கிலைச் சீவிப் பேனாவாகப் பயன்படுத்துகிறேன். காய்ச்சும் பாத்திரத்தைச் சமையலுக்குத் திருப்பி எடுக்கக் கூடாது.

நிலையான கறுப்பு வேண்டுமென்பவர்களுக்கு விளக்குக்கரி மை இருக்கிறது. கண்மைக்குச் செய்வதுபோல ஆமணக்கெண்ணெய் விளக்கின்மேல் தட்டைக் கவிழ்த்துக் கரி பிடித்து, பிசின் நீரில் குழைக்க வேண்டும். அந்தக் கரி தண்ணீரில் நனையாமல் மிதக்கும். முதலில் இரண்டு சொட்டு ஸ்பிரிட் விட்டுக் குழைத்தால் நனையும்.

குறும்பர் ஓவியத்தின் நிறங்களையும் பயன்படுத்துகிறீர்களா?

இல்லை. கோத்தகிரிப் பக்கத்துக் குறும்பர் பழங்குடியினர் வேங்கை மரத்துப் பிசினையும் இலைச் சாறுகளையும் கொண்டு தேனெடுப்பு, ஆட்டம், சடங்கு ஆகியவற்றை வரைகிறார்கள். இந்த மலையில் கரிக்கியூர் போன்ற இடங்களில் பழைய பாறை ஓவியங்களும் உள்ளன. அவர்கள் வரையும் மனித உருவம் சில கோடுகளில் நின்றுவிடுகிறது, ஆயினும் கயிற்றில் தொங்குகிறவன் தொங்குகிறான், ஆடுகிறவள் ஆடுகிறாள். அதைப் பார்த்துக் கற்றுக்கொள்வது வேறு, அவர்களுடைய பொருளையும் பாணியையும் எடுத்து என் பெயரில் இணையத்தில் போட்டுக்கொள்வது வேறு. அந்த ஓவியம் வேண்டுவோர் அவர்களிடமே வாங்க வேண்டும்.

மழைக்காலத்தில் காகிதம் நமத்துப் போகிறது. என்ன செய்வது?

மலையில் வரைபவரின் முதல் எதிரி ஈரம். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும்; கோத்தகிரியிலும் குன்னூரிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைதான் கடுமை. அந்த மாதங்களில் காகித நார் ஈரத்தைக் குடித்து உப்பிவிடுவதால், தாள் அலை அலையாக எழும்பும், கரி வழுக்கும், பேனா மை நாலாபக்கமும் ஊறும். மையைக் குறை சொல்லிப் பயனில்லை. தாளின் மேல் பூசியிருக்கும் பசை தளர்ந்துவிட்டதுதான் காரணம்.

வரைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தாள்களை, ஒரு சிறு குண்டு பல்பு எரியும் மர அலமாரிக்குள் வைத்து எடுக்கிறேன். கேமரா வைத்திருக்கும் மலைக்காரர்கள் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்காதிருக்கச் செய்யும் அதே ஏற்பாடு. கனமான தாள் குறைவாக நெளியும் (ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்): 80 ஜிஎஸ்எம் தாள் வாழையிலைபோலச் சுருளும் நாளில் 300 ஜிஎஸ்எம் தாள் அசையாமல் கிடக்கும். ஆனால் இரண்டு நிமிடப் பயிற்சிப் படங்களுக்கு அவ்வளவு விலையுள்ள தாளை எடுத்தால் கை கூசும். கை கூசினால் கோடு செத்துப்போகும். பயிற்சிக்குச் செய்தித்தாள் காகிதமே போதும். அதில் மரக்கூழின் லிக்னின் என்ற பொருள் இருப்பதால் சில ஆண்டுகளில் மஞ்சளாகிப் பொடியும். பொடியட்டும், அவை வைத்துக்கொள்வதற்கான படங்கள் அல்ல.

நான் கண்டெடுத்த ஒரு நல்ல தாள், அலுவலகத்தில் கழித்துப்போட்ட பச்சைத்தேயிலை எடைப் பதிவேடுகளின் வெற்றுப் பக்கங்கள். பேனாவால் எழுதுவதற்கென்று செய்த தாள் என்பதால் மை ஊறுவதில்லை. சிவப்பும் நீலமுமான கட்டக் கோடுகள் உடம்பின் விகிதத்தை அளக்கவும் உதவுகின்றன. எழுதிய பக்கங்களைக் கேட்டவர்களுக்குத் தர இயலாது. அவற்றில் விவசாயிகளின் பெயரும் தொகையும் இருக்கின்றன. வைத்துக்கொள்ள வேண்டிய படத்துக்குப் புதுச்சேரி ஆசிரமத்தின் கைத்தாள் ஆலையில் செய்யும் பருத்தித் தாள் என் தேர்வு.

கரிப் படம் கலையாதிருக்க எதைத் தெளிக்கிறீர்கள்?

கடையில் விற்கும் ஃபிக்ஸேட்டிவ்தான், மூன்று மெல்லிய பூச்சாக. ஈரமான நாளில் தெளித்தால் ஆவியாகும் கரைப்பான் தாளின் மேற்பரப்பைக் குளிர்வித்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, வெண்மூட்டம் போட்டதுபோல ஆகிவிடும். வெயில் வரும்வரை காத்திருங்கள். கொழுப்பு நீக்கிய பாலை நீர்க்கத் தெளிப்பது பழைய வழி. பாலின் புரதம் கரியைப் பிடித்துக்கொள்ளும். மலையில் நான் அதைச் செய்து பார்த்தேன், மூன்றாம் வாரம் படத்தில் பூஞ்சணம். முடியில் தெளிக்கும் ஸ்பிரே வேண்டாம், நாளடைவில் மஞ்சளாகும்.

பால்பாயிண்ட் பேனாவில் வரையலாமா?

தாராளமாக வரையலாம். அடர்த்தியை ஏற்றுவதில் அது பென்சிலுக்குச் சமம். ஆனால் அதன் சாயம் வெளிச்சத்தில் வெளுக்கும், ஆகவே சுவரில் மாட்டாதீர்கள். சனவரி மாத உறைபனிக் காலையில் எழுதாவிட்டால் உள்ளங்கையில் வைத்துத் தேயுங்கள்.

ஆடையற்ற உருவத்தை வரையாமல் உடற்கூறு கற்க முடியுமா?

கலைக் கல்லூரியில் முறையாகப் பயில்பவர்களுக்கு அது தேவையான பாடம். அதில் இழிவு எதுவும் இல்லை. என் நிலைமை வேறு. முதலில், கோத்தகிரியின் டிசம்பர் மாலையில் யாரையும் சட்டையைக் கழற்றி உட்காரச் சொல்வது கலைக் குற்றத்துக்கு முன்னால் மனிதக் குற்றம். அடுத்து, கம்பளிக்குள் இருக்கும் உடம்பைக் கண்டுபிடிப்பதே இங்கே பாடமாகிவிடுகிறது. துணி எங்கே இறுகுகிறதோ அங்கே மூட்டு இருக்கிறது: தோள், முழங்கை, முழங்கால். இறுகும் அந்த இடங்களை மட்டும் முதலில் புள்ளியாக வைத்துவிட்டு, தொங்கும் இடங்களைக் கரியின் பக்கத்தால் இழுத்தால், ஸ்வெட்டருக்குள் ஓர் ஆள் இருப்பது தெரியும். புள்ளிகளை வைக்காமல் துணியின் மடிப்பிலிருந்து தொடங்கினால் கொடியில் காயும் ஸ்வெட்டர்தான் கிடைக்கும்.

சென்னைக்குப் போகும்போது மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த, 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையைச் சுற்றிச் சுற்றி வரைகிறேன். பாறையை நகர்த்தும் அந்த நால்வரின் முதுகும் கணுக்காலும், அசையாத மாதிரிகளாக, கட்டணமின்றி, நாள் முழுதும் நிற்கின்றன. அதே ஆளை எட்டுத் திசையிலிருந்து பார்க்கும் வாய்ப்பு உயிருள்ள மாதிரியிடம்கூட எளிதில் கிடைக்காது.

தேயிலை பறிப்பவர்களை வரைந்திருக்கிறீர்கள். அவர்களிடம் அனுமதி கேட்டீர்களா?

கேட்டேன். கேட்காமல் வரைந்தவையும் தொடக்கக் காலத்தில் உண்டு, அவற்றை எடுத்துவிட்டேன். வண்டியை நிறுத்திவிட்டுக் கேமராவை நீட்டுபவர்களை அவர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். இலை நிறுக்கும் இடத்தில் ஓர் அக்கா என்னிடம், “எங்க முதுகத்தான் எல்லாரும் எடுக்கறாங்க, கண்ணு. அந்தப் படம் எங்க போகுதுன்னு ஒருத்தரும் சொல்றதில்ல” என்றார். அன்றிலிருந்து சில வரைமுறைகள் வைத்திருக்கிறேன். வரைந்ததை முதலில் அவர்களிடம் காட்டுவேன். வேண்டாம் என்றால் இணையத்துக்குப் போகாது. பெயரும் தோட்டமும் எழுதுவதில்லை. குழந்தைகளின் படங்களை வெளியிடுவதே இல்லை. கேட்பவர்களுக்கு அவர்கள் படத்தின் பிரதி ஒன்றைக் கொடுத்துவிடுகிறேன்.

வரைபவர் கவனிக்க வேண்டிய மாற்றம் ஒன்றும் இங்கே நடந்திருக்கிறது. கையால் கொழுந்து கிள்ளும்போது எடை இடுப்பில் தங்கி, அசைவு விரல்களில் இருக்கும். இப்போது பல தோட்டங்களில் கத்தரியால் வெட்டுகிறார்கள். முழங்கைகள் விலகி, தோள்பட்டை உயர்ந்து, முதுகு முழுவதும் வேலையில் இறங்குகிறது. கிள்ளுபவரை மூங்கில் பேனாவிலும், கத்தரி பிடித்தவரைக் கரியிலும் வரைவது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

படங்களை ஸ்கேன் செய்கிறீர்களா, ஃபோனில் எடுக்கிறீர்களா?

பென்சிலையும் மையையும் ஸ்கேன் செய்யலாம். கரியையும் காவியையும் கண்ணாடியில் அழுத்தினால் பாதி கண்ணாடிக்குப் போய்விடும். மூடுபனி நாளில் வெளித்திண்ணையைப் போன்ற ஒளிக்கூடம் வேறில்லை. பனி முழு வானத்தையும் ஒரே விளக்காக்கிவிடுவதால் தாளில் நிழல் விழாது. தாளைச் சுவரில் நேராக மாட்டி, ஃபோனை அதற்கு இணையாகப் பிடித்து, கிட்டே போகாமல் தள்ளி நின்று இருமடங்கு ஜூமில் எடுங்கள். கிட்டே போனால் ஓரங்கள் வளையும். வெள்ளைத் தாள் நிறைந்த காட்சியைக் கேமரா தானாகச் சாம்பலாக்கிவிடும் என்பதால் வெளிச்ச அளவைச் சற்றே கூட்டுங்கள். பனிநாள் ஒளி நீலம் சாய்ந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்தால் பிறகு அதைப் பார்த்து நிறத்தைச் சரிசெய்யலாம். பென்சிலின் பளபளப்பு தெறித்தால் ஒளி பக்கவாட்டிலிருந்து வரும்படி திரும்பி நில்லுங்கள்.

இன்ஸ்டாகிராமுக்கு 1080 பிக்சல் அகலம் போதும். அச்சுக்கு வேண்டிய பெரிய கோப்பை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தோற்றுப்போன படங்களையும் ஏன் வெளியிடுகிறீர்கள்?

வெடித்த கரியையும் ஊறிய மையையும் மறைத்துவிட்டு வெற்றியை மட்டும் காட்டினால், சோதனை செய்தேன் என்று சொல்வதில் பொருளில்லை. தாளின் எடை, பொருளின் விகிதம், எடுத்த நேரம், அன்றைய வானிலை ஆகியவற்றைப் படத்தின் பின்புறம் எழுதி, அதையே கீழே குறிப்பாகவும் போடுகிறேன். உரிய பயனும் கிடைத்தது: கற்பூரக் குச்சி வெடித்த படத்தைப் பார்த்த ஒருவர், பச்சையாக அடுக்கியிருப்பீர்கள், இன்னும் ஆறு மாதம் காயட்டும் என்றார். அந்த மரத்துக் குச்சிகள் இப்போது பரணில் காய்கின்றன.

விருப்பக் குறிகளின் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். பெரியம்மாவின் முகம் தெரியும் படங்களுக்கு அவை குவிகின்றன. நான் மிகவும் கற்றுக்கொண்ட படங்கள் முதுகுகள். அவரிடம் ஒரு கரிப் படத்தைக் காட்டியபோது, “மூக்கக் காணோமே, கண்ணு” என்றார். சன்னல் வெளிச்சத்தில் மூக்கு கரைந்துவிட்டது உண்மைதான். ஆனால் மூக்கைப் போட்டிருந்தால் வெளிச்சம் போயிருக்கும்.

உங்கள் படத்தை யாராவது எடுத்துப் பயன்படுத்தினால்?

ஒரு தங்கும் விடுதி என் கரிப் படமொன்றை உணவுப் பட்டியலின் அட்டையில் அச்சிட்டிருந்தது. கடிதம் எழுதினேன், எடுத்துவிட்டார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வரைந்த அந்தக் கணமே உரிமை வரைந்தவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமல்ல. ஓவியர் காலமான பின்னும் 60 ஆண்டுகள் அது நீடிக்கும். மூலத்தாளும், தேதியிட்ட பின்புறக் குறிப்பும், பெரிய கோப்பும் கையில் இருந்தால் வாதிடுவது எளிது. முகத்தின் குறுக்கே பெயரை அச்சிடுவது எனக்குப் பிடிக்காது. வரையும்போதே கையெழுத்தை உருவத்தோடு ஒட்டிப் போட்டுவிடுகிறேன்.

படங்களை விற்பதுண்டா? எப்படி அனுப்புகிறீர்கள்?

சிலவற்றை விற்கிறேன். பெரியம்மாவின் படங்களுக்கு அவர் சம்மதம் வேண்டும், பாதிக்கு மறுத்துவிடுவார். மை, பென்சில் படங்களைச் சுருட்டிக் குழாயில் வைத்து விரைவு அஞ்சலில் அனுப்பலாம். கரிப் படத்தைச் சுருட்டக் கூடாது. பட்டர் பேப்பரை மேலே போட்டு, நகராதபடி நான்கு மூலையிலும் ஒட்டி, இரண்டு அட்டைகளுக்கு நடுவே தட்டையாகக் கட்டி, பாலித்தீன் உறைக்குள் ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல்லோடு மூடுகிறேன். உறையை மூடும் நாளில் காற்று உலர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மலையின் ஈரத்தையும் சேர்த்தே அனுப்பியதாகிவிடும். அதனால் அக்டோபரிலிருந்து டிசம்பர் முடியும்வரை கரிப் படம் எதையும் அனுப்புவதில்லை. பணம் கட்டியவர்களுக்கும் சனவரியில்தான் வரும்.